பல் இருக்கிறது, பதிவு எங்கே? மாத்தளைப் புதைகுழியும் பல்வழி அடையாளமும்

கண்டியில் பல்லைப் பற்றி எழுதுகிறவர் தந்ததாது வைக்கப்பட்டிருக்கும் தலதா மாளிகையைப் பார்க்காமல் பேராதனைப் பல் மருத்துவ பீடத்துக்குப் போக முடியாது. 1560இல் யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்த போர்த்துக்கேயர் அங்கே புத்தருடையது எனப் போற்றப்பட்ட ஒரு பல்லைக் கைப்பற்றினர். பர்மாவின் பெகு மன்னன் பெரும்பொருள் தருவதாகச் சொல்லியும் கேளாமல் கோவாவில் அதை அழித்தனர். அழிந்தது புத்தரின் பல் அல்ல, மெய்யான தந்ததாது வேறிடத்தில் காக்கப்பட்டுக் கண்டிக்கு வந்து சேர்ந்தது என்பது சிங்கள மரபு. நம்பிக்கைக்குள் நுழைவது என் வேலையல்ல. ஆனால் அந்த மரபு எதை ஊன்றி நிற்கிறது என்பதைக் கவனிக்கலாம்: யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற வரலாற்றை. தடயப் பல் மருத்துவத்தின் பிடிமானமும் அதுவே. பல் தானாகப் பெயர் சொல்லாது. உயிரோடிருந்தபோது எழுதி வைத்த ஏதோ ஒன்று அதற்காகப் பேச வேண்டும்.

பல்லின் உறுதி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பற்சிப்பியில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். தசை அழுகி, விரல்ரேகை போன பின்னும் அது நிற்கும். விரல்ரேகை, மரபணு இரண்டோடும் சேர்த்துப் பல்லையும் முதன்மை அடையாளமாக இன்டர்போல் ஏற்றிருக்கிறது. (தோலில் பதிந்த கடித்தடத்தை வைத்துக் குற்றவாளியைப் பிடிப்பது வேறு கதை, அதன் அறிவியல் அடித்தளம் மெலிந்தது. இரண்டையும் குழப்பக் கூடாது.)

இத்துறையின் தொடக்கமாகப் பலரும் காட்டுவது 1897இல் பாரிஸில் நடந்த அறக்கொடைச் சந்தைத் தீவிபத்து. கருகிய உடல்கள் பலவற்றைப் பல் வைத்தியர்களே இனங்கண்டார்கள். மறு ஆண்டு ஆஸ்கார் அமோயெடோ இத்துறைக்கு நூலே எழுதினார். பாடநூல்கள் இதை அறிவியலின் வெற்றியாகச் சொல்லி நகர்ந்துவிடும். இறந்தவர்களில் பெரும்பாலோர் செல்வக் குடிப் பெண்கள் என்பதை நான் சேர்த்துச் சொல்வேன். அவர்களுக்குச் சொந்தப் பல் வைத்தியர் இருந்தார், அவரிடம் குறிப்பு இருந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தாய்லாந்தில் மேலைநாட்டுப் பயணிகளை இனங்காணப் பல் பெரிதும் கைகொடுத்தது. உள்ளூர் மீனவர்களின் பற்களும் அதே அளவு உறுதியானவைதான். ஊரிலிருந்து அனுப்பி வைக்கக் கோப்பு மட்டும் இல்லை. அதே நாட்களில் இலங்கைக் கரையில் ஆயிரக்கணக்கானோர் அவசரமாகப் புதைக்கப்பட்டனர்.

கண்டியைச் சுற்றிய மலைத்தோட்டங்களில் இந்த இடைவெளி இன்னும் அப்பட்டம். வலி பொறுக்காதபோது போய்ப் பிடுங்கிவிட்டு வருவதே பலருக்குத் தெரிந்த பல் வைத்தியம். இழந்த பல்லும் ஒரு தடயம்தான்; ஆனால் எந்தப் பல், எந்த ஆண்டு என்ற துண்டு எங்கும் இருக்காது. கிளினிக் கொப்பி நோயாளியின் வீட்டில்தான் இருக்கும். மண்சரிவு லயன் குடியிருப்பை மூடினால் ஆளோடு கொப்பியும் போய்விடும். நாட்டின் பல் மருத்துவர்களை நீண்டகாலம் உருவாக்கிய பீடம் பேராதனையில், இந்த மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது என்பதுதான் முரண்.

கண்டிக்கு வடக்கே மாத்தளை. 2012 நவம்பரில் அங்குள்ள மருத்துவமனை வளவில் உயிரி எரிவாயுத் தொட்டிக்கு நிலம் வெட்டியபோது எலும்புகள் வெளிவந்தன. அகழ்ந்து முடித்தபோது 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள். கூடக் கிடைத்த பொருட்களைக் கொண்டு 1980களின் பிற்பகுதி என்றார் தொல்லியலாளர் ராஜ் சோமதேவ. அது ஜேவிபி என்ற இடதுசாரி இயக்கத்தின் இரண்டாம் கிளர்ச்சியும் அதன் ஒடுக்குமுறையும் நடந்த காலம். பின்னர் அமெரிக்க ஆய்வுகூடமொன்றின் கரிமக் கணிப்பைக் காட்டி, 1950களுக்கு முற்பட்டவை என்று விசாரணை ஆணைக்குழு முடிவுகட்டியது. காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள் அதை ஏற்கவில்லை.

இங்கே பல்லுக்கு ஒரு தனி வேலை இருந்தது. 1955க்குப் பின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கரிமம் ஏறி, 1963 தடை ஒப்பந்தத்துக்குப் பின் மெல்ல இறங்கியது. பற்சிப்பி உருவானதும் மாறுவதில்லை. உருவான ஆண்டின் கரிமத்தை அப்படியே பூட்டி வைத்திருக்கும். இதைக் கொண்டு பிறந்த ஆண்டை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுப் பிழைக்குள் கணிக்கலாம் என்று சுவீடன் ஆய்வாளர்கள் 2005இல் காட்டினர். எலும்போ வாழ்நாள் முழுவதும் மெல்லப் புதுப்பிக்கப்படுவது. 1968இல் பிறந்து இருபது வயதில் கொல்லப்பட்ட இளைஞனின் ஞானப்பல் தன் காலத்தை மறைக்க முடியாது. 1930இல் பிறந்தவரின் பல்லோ, அவர் 1989இல் இறந்திருந்தாலும், பழைய கரிமத்தையே காட்டும். ஆகவே ஒரு சில மாதிரிகளைக் கொண்டு குழி முழுவதற்கும் ஒரே காலம் சொல்வதை நான் ஏற்கத் தயங்குகிறேன். வேர் வளர்ச்சியைப் பார்த்து இளையோரின் பற்களைப் பொறுக்கியெடுத்து, ஒவ்வொருவரின் பிறந்த ஆண்டையும் கணிப்பதே வழக்கைக் கூர்மையாக்கும். 1950க்கு முற்பட்ட குழிதான் என்றால் அந்தப் பற்களே அதை உறுதிசெய்துவிட்டுப் போகட்டும்.

முதியோரின் வயதைப் பல் அவ்வளவு நேராகச் சொல்வதில்லை. 1950இல் சுவீடனின் குஸ்தாப்சன் வகுத்த முறையில் தேய்மானமும் ஓர் அளவுகோல். வெற்றிலை பாக்கோடு ஐம்பது ஆண்டு மென்ற வாயின் தேய்மானத்துக்கு சுவீடன் அளவுகோல் பொருந்தாது. சிறுவரின் வயதுக்கு நாம் கையாளும் டெமிர்ஜியன் முறையும் 1973இல் கனடாவின் பிரெஞ்சு வழிக் குழந்தைகளை வைத்து அமைந்ததே. இங்கத்தைய அளவுகோலை இங்கேதான் எழுத வேண்டும். பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களில் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. அந்த அட்டையைக் கிழித்தெறியாமல் ஒரு பிரதியை மாவட்டத்தில் வைப்பது பெரிய செலவல்ல.

பதிவே இல்லாதவர்களுக்கு மிஞ்சுவது சிரித்த முகப் படம். முன்பற்களின் வரிசையை மண்டையோட்டின் பல்வரிசையோடு ஒப்பிடலாம். அடையாள அட்டைப் படத்தில் வாய் மூடியிருப்பதால் அது உதவாது. கல்யாண ஆல்பம் உதவும். அதுவும் இல்லாத வீட்டில் தாயின் சொல் இருக்கிறது: "மேல்வாயில் இடப்பக்கம் தெத்துப்பல்." காணாமல்போனோர் பற்றி முறைப்பாடு எழுதுகிறவர்கள், உயரத்தையும் உடுப்பின் நிறத்தையும் கேட்கும்போதே அந்தப் பல்லையும் கேட்டு, எந்தப் பக்கம் என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.