பெத்ராவின் வாயிலில்

தமஸ்கு நகரின் மதிலிலிருந்து பவுலடியார் கூடையில் இறக்கப்பட்டதை நாம் அறிவோம். அவரைப் பிடிக்கக் காவல் வைத்தவன் அரேத்தா மன்னனின் ஆளுநன். நபத்தேயர் குலத்து அம்மன்னனின் தலைநகரே யோர்தான் நாட்டுப் பாலையிலுள்ள பெத்ரா.

செம்பாறைகளுக்கிடையே ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளும் ‘சிக்’ என்னும் குறுகிய பிளவே அதன் வாயில். அப்பிளவின் முடிவில் தோன்றும் குடைவரை மாளிகையைக் காணவே எல்லாரும் விரைகின்றனர். நாமும் அவ்வாறே விரைந்தோம். திரும்பும்போதுதான் ஒருபுறம் பாறையில் வெட்டிய கால்வாயும் மறுபுறம் சுடுமண் குழாய்களின் தடமும் கண்ணில் பட்டன. ஊற்று நீர் ஊருக்குள் சென்ற வழிகள் அவை. பாலையில் மழை அரிது, பெய்தாலோ பெருவெள்ளம். ஆகவே நபத்தேயர் சிக்கின் தலைப்பில் அணையிட்டு, மலையைக் குடைந்து வெள்ளத்தை வேறு பள்ளத்தாக்கிற்குத் திருப்பினர். மாளிகையைவிட அச்சுரங்கமே நமக்குப் பெரிதாகப்பட்டது.

காலப்போக்கில் அவ்வணை சிதைந்தது. 1963 ஏப்ரலில் சிக்கினுள் பாய்ந்த வெள்ளம் இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகளை வாரிச் சென்றது. அவர்களுள் ஒருவர் விவிலிய அறிஞர் அருள்தந்தை ஷான் ஸ்டைன்மான். திருமுழுக்கு யோவானையும் பாலைவன மரபையும் பற்றி நூல் எழுதியவர் அவர்! பிறகே பழைய இடத்தில் மீண்டும் அணை எழுந்தது. அது தடுக்கும் வெள்ளம் இன்றும் நபத்தேயர் குடைந்த அதே சுரங்கத்தின் வழியாகத்தான் வெளியேறுகிறது.