கம்யூனிகேட்டர் வந்த கதை

இணைக்கணிப்பில் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் தன் நிரலுக்குள் நம்பி அழைக்கும் வசதி எளிதில் வந்துவிடவில்லை. ஒற்றைச் செயலிக் கணினிகளில் அது ஒரு பிரச்சினையே இல்லை. 1979இல் வெளியான லின்பேக் நூலகத்தின் சப்ரூட்டீன்களை, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமலே ஃபோர்ட்ரான்காரர்கள் அழைத்துக்கொண்டார்கள். செயலிகள் பலவாகி, ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பத் தொடங்கியபோதுதான் தகராறு வந்தது.

கால்டெக்கில் சார்லஸ் சைட்ஸும் ஜெஃப்ரி ஃபாக்ஸும் 1983இல் இயக்கிக் காட்டிய காஸ்மிக் கியூபில் 64 கணுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இன்டெல் 8086 செயலி, துணைக்கு ஒரு 8087, தனி நினைவகம். பக்கத்துக் கணுவின் நினைவகத்தை எட்டிப் பார்க்க முடியாது. வேண்டியதைச் செய்தியாகத்தான் வாங்க வேண்டும். இதே பாணியில் இன்டெல் 1985இல் ஐபிஎஸ்சி கணினியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் இறங்கின. ஆளுக்கொரு செய்திமுறை, ஒன்றுக்கு எழுதியது மற்றதில் ஓடாது. ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1989இல் தொடங்கிய பிவிஎம், ஆர்கான் ஆய்வகத்தின் பி4 போன்ற பொதுச் செய்தி நூலகங்கள் இந்தக் குறையைப் பெருமளவு போக்கின.

தீராமல் நின்றது வேறொன்று. ஒவ்வொரு செய்தியிலும் 'டேக்' என்ற எண் ஒட்டியிருக்கும். பெறும் நிரல் "டேக் 10 வேண்டும்" என்றும் கேட்கலாம், "எது வந்தாலும் சரி" என்றும் கேட்கலாம். பயனரின் நிரல் ஒரு கணுவில் எது வந்தாலும் சரி என்று காத்திருக்கிறது. இன்னொரு கணு தன் வேலையைச் சீக்கிரம் முடித்து, சமன்பாடு தீர்க்கும் நூலகத்துக்குள் போய், நூலகத்தின் செய்தியை அனுப்பிவிடுகிறது. காத்திருந்த நிரல் அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். பின்னால் நூலகம் வராத செய்திக்காகத் தவம் கிடக்கும். எந்தக் கணு முந்துகிறது என்பதைப் பொறுத்த பிழை என்பதால் நூறு முறை சரியாக ஓடியது நூற்றோராவது முறை காலை வாரும். இன்ன எண்கள் நூலகத்துக்கு என்று ஒதுக்கலாம்தான். இரண்டு நூலகங்கள் ஒரே எண்களை ஒதுக்கிக்கொண்டால்? "எது வந்தாலும் சரி" என்பதற்கு முன்னால் எந்த ஒதுக்கீடும் நிற்காது.

இதற்கு விடை, ஆண்டனி ஸ்கெல்லம் உருவாக்கிய ஜிப்கோடு என்ற அமைப்பில் இருந்தது. நம் ஊர்ப் பின்கோடுக்கு அமெரிக்காவில் வழங்கும் பெயர் அது; பொருத்தமான பெயர்தான். செய்தியோடு, அது எந்தச் சூழலைச் சேர்ந்தது, அதாவது பயனரின் நிரலுடையதா நூலகத்துடையதா, என்ற அடையாளத்தையும் ஜிப்கோடு சேர்த்து அனுப்பியது.

1992 ஏப்ரலில் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் நடந்த பட்டறையில், எல்லாக் கணினிகளுக்குமான பொதுச் செய்திமுறைத் தரம் பற்றிய பேச்சு தொடங்கியது. 1993இல் டல்லாஸ் ஓட்டல் ஒன்றில் ஆறு வாரத்துக்கொரு முறை கூடினார்கள். சுமார் 40 அமைப்புகளைச் சேர்ந்த 60 பேர் இதில் ஈடுபட்டார்கள். 1994 மே மாதம் எம்பிஐ (Message Passing Interface) என்ற அந்தத் தரம் வெளிவந்தது. ஜிப்கோடின் சூழல் அதில் கம்யூனிகேட்டர் என்ற வடிவம் எடுத்தது: கணுக்களில் ஓடும் எந்தெந்தக் கணிப்பணிகள் (process) பேசிக்கொள்கின்றன என்ற குழுவும், அவற்றின் பேச்சை மற்றவற்றிலிருந்து பிரிக்கும் சூழலும் சேர்ந்த ஒரு பொருள். சூழலின் எண்ணை எம்பிஐயே வைத்துக்கொள்ளும். நிரலர் கண்ணில் காட்டாது. ஒரு கம்யூனிகேட்டரை நகலெடுத்தால் அதே குழு, புதிய சூழல். "எந்த டேக்கும்", "எந்த அனுப்புநரும்" என்று கேட்க எம்பிஐ இடம் தருகிறது. "எந்தக் கம்யூனிகேட்டரும்" என்று கேட்க வழியே இல்லை. இந்த ஒரு மறுப்பில்தான் மொத்தப் பாதுகாப்பும் இருக்கிறது.

ஆர்கானில் உருவான, சமன்பாடு தீர்க்கும் பெட்ஸி நூலகம் இதை முழுதாகப் பயன்படுத்துகிறது. பயனர் தரும் கம்யூனிகேட்டரை அது சத்தமில்லாமல் நகலெடுத்துக்கொள்ளும். அதன் செய்திகளெல்லாம் அந்த நகலில்தான் போகும். நகலை மூலத்தின் மேலேயே ஒரு பண்பாக ஒட்டி வைப்பதால் ஒவ்வோர் அழைப்புக்கும் புதிதாக நகலெடுக்கத் தேவையில்லை.

ஒரு குறை மட்டும் பல ஆண்டுகள் தங்கிவிட்டது. ஒரு நிரலில் எம்பிஐயை ஒரே ஒரு முறைதான் தொடங்கி வைக்க முடிந்தது. ஒரே நிரலில் இரண்டு நூலகங்கள் இருந்தால் யார் தொடங்குவது, யார் முடிப்பது என்று அவை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2021 ஜூனில் வந்த எம்பிஐ 4.0, 'செஷன்' என்ற ஏற்பாட்டைச் சேர்த்தது. அதன் பிறகு ஒவ்வொரு நூலகமும் தனக்கென ஒரு செஷனைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடிக்கொள்ளலாம்.