கிளைக்கடைகளின் போட்டியும் மலைநாட்டுத் தேயிலையும்

நாடுகளின் வரலாற்றை ஆராய்வோர் மன்னர்களின் போர்களையும் மந்திரிசபைகளின் எழுச்சி வீழ்ச்சிகளையும் பெரிதாக எடுத்துரைப்பர். ஒரு தொழிலாளியின் மனைவி வாரக்கூலியைக் கையிற் பெற்றதும் எந்தக் கடைக்குச் சென்று மாவும் வெண்ணெயும் தேயிலையும் வாங்கினாள் என்பதை ஆராய்வோர் மிகச் சிலரே. எனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலே பிரித்தானியத் தொழிலாளர் குடும்பங்கள் தமக்குரிய கடையைத் தெரிந்தெடுத்த முறை, பல்லாயிரம் மைல்களுக்கு அப்பாலுள்ள நமது மலைநாட்டின் வாழ்வோடும் பிணைந்து நின்றது. அக்காலத்துப் பலசரக்குக் கிளைக்கடைகள் தம்முட் போட்டியிட்ட வரலாற்றையும், கொள்வோர் எவற்றை விரும்பினர் என்பதையும் இன்று ஒரு சிறிது நோக்குவோம்.

கிளைக்கடைகள் தோன்றுமுன் பிரித்தானியாவின் நகரங்களில் இருவகைக் கடைகள் இருந்தன. செல்வர்க்கும் நடுத்தர வகுப்பினர்க்கும் உரிய பெரிய பலசரக்குக் கடைகளில் தரமான பொருள்கள் கிடைத்தன, கடனும் கொடுக்கப்பட்டது. ஏழைகளோ தெருமூலைச் சிறுகடைகளையே நம்பி வாழ்ந்தனர். அங்கே கலப்படம் மலிந்திருந்தது. பாணுக்குரிய மாவிலே படிகாரம் சேர்ந்தது. ஒருமுறை ஊறவைத்த தேயிலை உலர்த்தப்பட்டு, நிறம் ஊட்டப்பட்டு, மீண்டும் விற்பனைக்கு வந்தது. 1820ஆம் ஆண்டிலே பிரெடறிக் அக்கும் என்னும் இரசாயன அறிஞர் இத்தகைய கலப்படங்களை ஒரு நூலில் அம்பலப்படுத்தினார். 1826இல் ஜோன் ஹோர்னிமன் என்னும் வணிகர் முத்திரையிட்ட பொட்டலங்களில் தேயிலையை விற்கத் தொடங்கினார். ஆயினும் உணவுப் பொருள்களின் தூய்மையைக் காக்கும் வலுவான சட்டம் 1875ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. சரியான நிறையும் கலப்பற்ற பொருளும் கிடைக்குமா என்பதே அந்நாளில் ஏழை மக்களின் முதற் கவலையாக இருந்தது.

இக்கவலைக்கு விடை கண்டவர்கள் லங்காஷயர் மாகாணத்து றொச்டேல் நகரத் தொழிலாளர்கள். 1844ஆம் ஆண்டு மார்கழி மாதம் 21ஆம் திகதி, 28 பவுண் முதலோடு, டோட் லேன் என்னும் தெருவில் ஒரு கடையைத் திறந்தனர். மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ் மா ஆகிய சில பொருள்களே அங்கே இருந்தன. கலப்படமற்ற பொருள், சரியான நிறை, கைக்குக்கை பணம் என்பன அவர்களுடைய விதிகள். கிடைத்த இலாபத்தை, ஒவ்வொருவரும் வாங்கிய பொருளின் பெறுமதிக்கேற்பப் பங்கிட்டுக் கொடுத்தனர். இந்தப் பங்குலாபமே கூட்டுறவு இயக்கத்தின் உயிர்நாடியாயிற்று. வட இங்கிலாந்திலும் ஸ்கொத்லாந்திலும் ஊருக்கு ஊர் சங்கங்கள் எழுந்தன. 1863இல் மொத்த விற்பனைக்கென ஆங்கிலேயச் சங்கங்கள் ஒரு நிலையத்தை மஞ்செஸ்டரில் நிறுவின. 1868இல் ஸ்கொத்லாந்துச் சங்கங்களும் அவ்வாறே செய்தன. 1900ஆம் ஆண்டளவில் அங்கத்தவர் தொகை ஏறக்குறைய 17 இலட்சமாக உயர்ந்தது.

கூட்டுறவுக் கடைகளுக்கு எதிரே வேறொரு வகைப் போட்டியாளர் தோன்றினர். அவர்களுள் தலையாயவர் தோமஸ் லிப்டன். அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழைப் பெற்றோருக்கு 1848இல் கிளாஸ்கோ நகரிலே பிறந்தவர் அவர். பெற்றோர் பன்றி இறைச்சியும் வெண்ணெயும் முட்டையும் விற்கும் சிறுகடையொன்றை நடத்தினர். இளமையில் அமெரிக்கா சென்று நியூயோர்க் நகரத்துப் பெருங்கடையொன்றின் வியாபார முறைகளைக் கண்டறிந்து திரும்பிய லிப்டன், 1871இல் கிளாஸ்கோவில் தமது முதலாவது கடையைத் திறந்தார். இடைத்தரகரை நீக்கி அயர்லாந்துக் குடியானவரிடமிருந்து நேரே சரக்கு வாங்குதல், கடன் கொடாமை, குறைந்த இலாபத்தில் மிகுதியாக விற்றல் ஆகிய மூன்றுமே அவருடைய வழிகள். விளம்பரக் கலையிலும் அவர் வல்லவர். கொழுத்த பன்றிகளை அலங்கரித்து வீதிவழியே ஊர்வலமாக ஓட்டுவித்தார். 1881ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் அமெரிக்காவிலிருந்து மாபெரும் பாற்கட்டியொன்றை வருவித்து, அதனுள்ளே பொற்காசுகளை மறைத்துவைத்து, துண்டு துண்டாக வெட்டி விற்றார். கூட்டம் அலைமோதியது.

இதே முறையைப் பின்பற்றி வேறு இடங்களிலும் கிளைக்கடைகள் பெருகின. இலண்டனிலே 1883இல் ஜூலியஸ் டுறூ தொடக்கிய ஹோம் அன்ட் கொலோனியல் கடைகள், தேயிலையைத் தம் முதன்மைச் சரக்காகக் கொண்டன. இங்கிலாந்தின் நடுப்பகுதியிலிருந்து பரவிய மேபோல் கடைகள் வெண்ணெய்க்கும், பின்னர் மாஜரினுக்கும் பெயர் பெற்றன. ஒவ்வொன்றும் முதலில் தன் பிரதேசத்தில் வேரூன்றி, பின்னர் மற்றவரின் எல்லைக்குட் புகுந்தது. ஒரே வீதியில் இரண்டு மூன்று கம்பெனிகளின் கிளைகள் எதிரெதிரே நின்று விலையைக் குறைத்தன.

இவற்றுள் எதனைக் கொள்வோர் விரும்பினர்? எல்லாரும் மலிவையே நாடினர் என்று கூறிவிடல் எளிது. உண்மை அவ்வளவு எளிதன்று. நிலையான கூலி பெற்ற ஆலைத் தொழிலாளியின் மனைவி கூட்டுறவுக் கடையை விரும்பினாள். அங்கே விலை சிறிது கூடியிருப்பினும், தவணை முடிவிற் கிடைக்கும் பங்குலாபம் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கவும் வீட்டு வாடகை கட்டவும் உதவியது. செலவு செய்துகொண்டே சேமிக்கும் வழி அது. இன்று வாங்கும் பொருளிலேயே ஒரு பென்சு மிச்சப்பட வேண்டும் என்று கருதியவள் லிப்டனிடம் சென்றாள். நாட்கூலியை நம்பி, வேலை கிடைக்காத நாளிற் பட்டினி கிடந்த குடும்பமோ இவ்விரண்டையும் அணுக முடியவில்லை. இரண்டிடத்தும் கடன் இல்லை. ஆகவே மிகவும் வறியவர்கள் கூடிய விலை கொடுத்துத் தெருமூலைக் கடையிலேயே கடனுக்கு வாங்கினர். மலிவு என்பதும் ஓரளவு கைப்பணம் உள்ளவர்க்கே எட்டிய நன்மையாயிற்று. துறைமுகத் தொழிலும் நாட்கூலியும் மிகுந்திருந்த இலண்டனிலே கூட்டுறவு இயக்கம் நெடுங்காலம் நலிந்தும், வடக்கு நகரங்களிலே செழித்தும் இருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இனி, இப்போட்டி நமது நாட்டை வந்தடைந்த கதையைக் காண்போம். 1869ஆம் ஆண்டு தொடங்கி இலங்கையின் கோப்பிச் செடிகளை இலைநோய் பற்றி அழித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்தியர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பியால் நட்டமடைந்த தோட்டக்காரர் பலர் அவ்வழியைப் பின்பற்றினர். 1883இல் கொழும்பிலே முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. இதே ஆண்டுகளில் பிரித்தானியத் தொழிலாளர் வீடுகளில் தேநீர் நாளாந்தத் தேவையாகிவிட்டது. தேயிலையை மலிவாகக் கொடுப்பவருக்கே வாடிக்கையாளர் கூட்டம் சேரும் என்பதைக் கிளைக்கடைக்காரர் உணர்ந்தனர்.

லிப்டன் 1889இல் தேயிலை வியாபாரத்தில் இறங்கி, 1890இல் இலங்கைக்கு வந்தார். கோப்பி வீழ்ச்சியால் மலிந்திருந்த தோட்டங்களை அப்புத்தளைப் பகுதியில் வாங்கினார். மற்றக் கடைகளில் ஓர் இறாத்தல் தேயிலை 3 ஷில்லிங் வரை விற்றபோது, 1 ஷில்லிங் 7 பென்சுக்குத் தாம் விற்றார். அளவிட்ட பொட்டலங்களில் அடைத்தமையால், நிறையைப் பற்றியும் தூய்மையைப் பற்றியும் கொள்வோர்க்கு ஐயம் எழவில்லை. மேலும், ஊருக்கு ஊர் தண்ணீரின் தன்மை வேறுபடுவதால் தேநீரின் சுவையும் வேறுபடும் என்பதை அறிந்து, அவ்வவ்வூர்த் தண்ணீருக்கேற்பத் தேயிலையைக் கலந்து விற்பதாக விளம்பரம் செய்தார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கோப்பைக்கு வருகிறது என்ற எண்ணத்தையும் மக்கள் மனத்திற் பதித்தார். உண்மையில் அவர் விற்ற தேயிலையில் ஒரு பகுதியே அவருடைய சொந்தத் தோட்டங்களில் விளைந்தது. எஞ்சியது சந்தையில் வாங்கப்பட்டது. கூட்டுறவுச் சங்கங்களும் வாளாவிருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவையும் இலங்கையில் தோட்டங்களை வாங்கின.

இங்கே நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். லிப்டனின் விளம்பரப் படங்களிலே கூடை தாங்கிய பெண்ணொருத்தி காட்சியளித்தாள். அவள் எத்தகைய வாழ்வு வாழ்ந்தாள் என்பதைப் படம் காட்டவில்லை. தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த தமிழ்த் தொழிலாளர், வரும்போதே முற்பணக் கடனைச் சுமந்து வந்தனர். அக்கடனைக் குறித்த ‘துண்டு’ அவர்களைத் தோட்டத்தோடு பிணைத்தது. உற்பத்தி பெருகத் தேயிலையின் சந்தை விலை இறங்கியது, தோட்டக்காரர் செலவைச் சுருக்கினர், கூலி உயரவில்லை. துண்டு முறை 1921இலேதான் ஒழிந்தது. குறைந்தபட்சக் கூலியை வகுத்த சட்டம் 1927இல் வந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது.

கிளாஸ்கோவிலும் றொச்டேலிலும் பொட்டலத்தை வாங்கிய பெண்ணும் ஏழைத் தொழிலாளியின் மனைவியே. அவளுக்கு நல்ல தேயிலை மலிவாகக் கிடைத்தது நன்மையே. அதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் கடையின் மேசைமீது அவள் செலுத்திய 1 ஷில்லிங் 7 பென்சு முழு விலையன்று. எஞ்சிய விலையை அப்புத்தளை மலைச்சரிவிலே வேறொரு பெண் செலுத்தினாள். தொழிலாளரின் நலனுக்காகவே பிறந்த கூட்டுறவு இயக்கமும் தோட்ட உடைமையாளராகியபோது, இந்தக் கணக்கிலிருந்து விலகி நிற்கவில்லை.

கிளைக்கடைகளின் பிற்காலக் கதை விரைவிற் சொல்லத்தக்கது. ஓயாத விலைப்போட்டி இலாபத்தைத் தேய்த்தது; போட்டியிட்டவர்கள் ஒன்றுசேர்ந்தனர். 1924இல் ஹோம் அன்ட் கொலோனியல் மேபோலைத் தன்வசமாக்கியது. சில ஆண்டுகளில் லிப்டன் கடைகளும் அதே குழுவிற் சேர, ஏறத்தாழ 3,000 கடைகள் ஒரே நிருவாகத்தின்கீழ் வந்தன. லிப்டன் 1931இற் காலமானார். இரண்டாம் உலகப்போரின்பின் வாங்குவோரே பொருளை எடுத்துக்கொள்ளும் முறை பரவியது. 1950இல் செயின்ஸ்பரி நிறுவனம் குறொய்டனில் அத்தகைய கடையைத் திறந்தது. 1919இல் கிழக்கு இலண்டன் சந்தையிலே ஜக் கோகென் தொடக்கிய வியாபாரம், டெஸ்கோ என்ற பெயரில் வளர்ந்தது. எல்லாப் பொருளும் ஒரே கூரையின்கீழ் வேண்டும் என்று மக்கள் விரும்பியபோது, சில பொருள்களை மட்டும் விற்ற பழைய சிறு கிளைகள் ஈடுகொடுக்க இயலாமற் போயின. இருபதாம் நூற்றாண்டு முடியுமுன் மேபோலும் ஹோம் அன்ட் கொலோனியலும் வீதிகளிலிருந்து மறைந்தன. லிப்டன் என்னும் பெயர் கடைவாயிலை விட்டு நீங்கித் தேயிலைப் பொட்டலத்தில் மட்டும் எஞ்சியது.

நம் நாட்டிலும் இவ்வரலாற்றின் நிழல் உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உணவுப் பங்கீடு வந்தபோது கூட்டுறவுப் பண்டகசாலைகள் ஊர்தோறும் பெருகின. யாழ்ப்பாணத்து மக்கள் அவற்றைச் சங்கக்கடை என வழங்கினர். 1983இல் கார்கில்ஸ் நிறுவனம் கொழும்பிலே பல்பொருள் அங்காடியொன்றைத் திறந்தபின், புதிய கிளைக்கடைகள் நகரங்களில் ஒன்றையொன்று முந்த முயல்கின்றன. கொள்வோரின் விருப்பமே வணிகரை ஆளுகிறது என்பதற்கு இவை யாவும் சான்று.

பண்டைய றொச்டேல் மக்கள் கடைக்காரனிடம் இரண்டு வினாக்களை எழுப்பினர்: நிறை சரியா, பொருள் தூயதா? லிப்டனின் வாடிக்கையாளர், விலை மலிவா என்னும் மூன்றாம் வினாவை வலியுறுத்தினர். மூன்றுக்கும் விடை கிடைத்தது. ஏனெனில் மக்கள் அவற்றை விடாது கேட்டனர். விளைவித்தவருக்கு நியாயமான கூலி கிடைத்ததா என்னும் நான்காம் வினா மிகத் தாமதமாகவே எழுந்தது. 1994ஆம் ஆண்டிலேதான் நியாய வணிக முத்திரை பொறித்த தேயிலை பிரித்தானியக் கடைகளை அடைந்தது. முதல் மூன்று வினாக்களையும் எழுப்பிய அதே உறுதியோடு நான்காவதையும் கொள்வோர் எழுப்புவாராயின், அதற்கும் விடையளிக்க வணிகர் போட்டியிடுவர். அந்தப் போட்டி எத்துணை வன்மையாக நடைபெறும் என்பது வாங்கும் நம் ஒவ்வொருவரின் கையிலும் தங்கியுள்ளது.