பர்மா நடையும் ஒரு துப்பாக்கி ரசீதும்

மோதி பாக் என்றதும் தில்லித் தமிழர்களுக்கு நினைவுக்கு வருபவை ரிங் ரோடு, பழைய அரசாங்கக் குவார்ட்டர்ஸ், குருத்வாரா ஆகிய மூன்றும்தான். 1707-இல் குரு கோவிந்த் சிங் இங்கே தங்கியபோது, தாம் வந்திருப்பதைச் செங்கோட்டையில் இருந்த பகதூர் ஷாவுக்குத் தெரிவிக்க இங்கிருந்தே அம்பு எய்தார் என்பது அந்தக் குருத்வாராவின் ஐதீகம். ஆயுதத்தைக் கடிதமாகப் பயன்படுத்திய கதை இது. நான் எழுத வந்தது வேறொரு ஆயுதத்தைப் பற்றி. அதுவும் கடைசியில் ஒரு காகிதமாகத்தான் மிஞ்சியது.

1984-இல் நான் மோதி பாக்கில் குடியிருந்தேன். ஒரே படிக்கட்டுக்கு நான்கு வீடு. மேல் வீட்டில் இருந்தவரைக் குழந்தைகள் ‘பர்மா மாமா’ என்பார்கள். எங்களுக்கு அவர் ‘சார்’. சிவகங்கைப் பக்கத்துக்காரர். தகப்பனார் பர்மாவில் ஹென்சாடா என்ற ஊரில் ஒரு செட்டியார் கடையில் கணக்குப்பிள்ளை. 1942-இல் பதினான்கு வயதில் நடந்து வந்தவர். ‘பராசக்தி’ படத்தின் ரங்கூன் காட்சிகளைப் பார்த்தவர்களும், வெ. சாமிநாத சர்மா தாம் நடந்து வந்ததைப் பற்றி எழுதிய நூலைப் படித்தவர்களும் நம்மில் உண்டு. ஆனால் நடந்த ஒருவர் நம் படிக்கட்டிலேயே இருக்கிறார் என்பது எனக்கு நெடுநாள் தெரியாது. சார் அதிகம் பேசமாட்டார். அவர் வீட்டுச் சமையலறையில் ஒரு சின்னப் பித்தளைக் குடம் எப்போதும் நிரம்பியிருக்கும். தில்லியில் குழாய்த் தண்ணீர் வரும் நேரம் தெரிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் ஏதுமில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த ஆண்டு நவம்பர் முதல் தேதி இரவு, படிக்கட்டில் உட்கார்ந்து இளவட்டங்கள் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். ரிங் ரோடு பக்கம் புகை தெரிந்தது. கையில் ஹாக்கி மட்டையும் கிரிக்கெட் மட்டையும். கீழ் வீட்டில் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சர்தார்ஜி, மனைவி, மூன்று குழந்தைகள். அவரிடம் லைசென்ஸ் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. பேச்சு இயல்பாகவே துப்பாக்கிப் பக்கம் திரும்பியது. இரட்டைக்குழல் நல்லதா, ரிவால்வர் நல்லதா, லைசென்ஸ் வாங்க எத்தனை மாதம் ஆகும், இப்படி. சார் மேலிருந்து இறங்கி வந்தார்.

“எத்தனை தோட்டா இருக்கு? குடிக்க எத்தனை லிட்டர் தண்ணி இருக்கு? மொதல்ல இரண்டாவதச் சொல்லுங்க தம்பி” என்றார்.

அந்த இரவு அவர் சொன்னதையும், பின்னால் நான் நூலகங்களில் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

1931 கணக்கெடுப்பின்படி பர்மாவில் பத்து லட்சத்துக்கு மேல் இந்தியர் இருந்தார்கள். ரங்கூன் நகரில் பாதிக்கு மேல் இந்தியரே. துறைமுகக் கூலி, ரிக்‌ஷா, துப்புரவு முதல் வட்டிக்கடை வரை நம்மவர் கையில். முப்பதுகளின் பொருளாதார மந்தத்தில் விவசாயிகள் கடனைக் கட்ட முடியாமல் போக, நிலம் செட்டியார்களிடம் வந்து சேர்ந்தது. 1938 வாக்கில் முக்கிய நெல் மாவட்டங்களின் விளைநிலத்தில் கால்பங்கு அவர்கள் பேரில். இதனால் வந்த வெறுப்பை நாம் மறைக்கக் கூடாது. 1930-இலும் 1938-இலும் ரங்கூனில் இந்தியருக்கு எதிராகக் கலவரங்கள் நடந்தன. ஆகவே கடைகளில் ஒரு துப்பாக்கி வைத்துக்கொள்ள நினைத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

எந்தத் துப்பாக்கி? சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகள் தொடக்கத்தில் ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தன, நமக்கு இல்லை. ரைபிளுக்குத் தோட்டா கிடைப்பது கடினம். நாட்டுத் துப்பாக்கிக்கு மருந்து நனையக் கூடாது. ரிவால்வர் இலகு, ஆனால் பழகாத கைக்குப் பத்தடிக்கு அப்பால் குறி நிற்காது. எனவே பெரும்பாலோர் தேர்வு 12 போர் இரட்டைக்குழல்தான். தோட்டா எங்கும் கிடைக்கும், சத்தமே பாதி வேலையைச் செய்துவிடும். சாரின் தகப்பனார் பொறுப்பில் இருந்த கடைத் துப்பாக்கியும் அதுவே. எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 25 தோட்டா இன்னொரு கிலோ. அந்தக் காலத்துத் தோட்டாவின் உறை காகிதத்தால் ஆனது. ஈரக்காற்றில் உப்பிவிடும், குழலுக்குள் நுழையாது. மழைக்காட்டு வழிக்கு அது உகந்த ஆயுதமா என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. 25-ஆம் தேதி மறுபடியும். கூலிகள் ஆயிரக்கணக்கில் வடக்கே புரோம் சாலையில் நடக்கத் தொடங்கினார்கள். அரசாங்கம் என்ன செய்தது? துறைமுகம் நின்றுபோகுமே என்று அவர்களைச் சமாதானம் சொல்லித் திருப்பி அழைத்து வந்தது. வேலை செய்யத் தக்க ஆண்கள் டெக் வகுப்பில் கப்பலேறவும் தடை போட்டது. மேல் வகுப்புச் சீட்டுக்குக் காசு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. என் கருத்தில் 1942-இன் சாவுகளில் கணிசமானவை இங்கேதான் தொடங்குகின்றன. முதலில் கிளம்பியவர்கள் சரியாகத்தான் கிளம்பினார்கள். அவர்களைத் திருப்பியது பிழை. இரண்டு மாதம் கழித்து, மார்ச் 7-ஆம் தேதி, அதே அரசாங்கம் ரங்கூனை விட்டு வெளியேறியது. மறுநாள் ஜப்பானியர் நுழைந்தார்கள்.

தரைவழிகள் மூன்று. ஐராவதிக் கரையில் உள்ள புரோமிலிருந்து ஆற்றைக் கடந்து அரக்கான் மலைமேல் டவுங்கப், அங்கிருந்து படகில் அக்யாப், பிறகு சிட்டகாங். இரண்டாவது, சிந்த்வின் ஆற்றைக் கடந்து தாமு வழியாக மணிப்பூர். மூன்றாவது வடகோடியில் ஹுகாங் பள்ளத்தாக்கும் பாங்சாவ் கணவாயும் தாண்டி அஸ்ஸாமின் லெடோ. மே மாத நடுவில் மழை பிடித்த பிறகு மூன்றாவது வழியில் சிக்கியவர்கள் பட்டது சொல்லி முடியாது. மொத்தம் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தரைவழியாக வந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். இறந்தவர்கள் கணக்கு பத்தாயிரம் என்பாரும் உண்டு, ஐம்பதாயிரத்துக்கு மேல் என்பாரும் உண்டு. யாரும் எண்ணவில்லை என்பதே இதன் பொருள். மணிப்பூர்ப் பாதையில் ஐரோப்பியருக்கு ஒரு வழி, இந்தியருக்கு ஒரு வழி என்று பாகுபாடு காட்டியதாக எழுந்த புகாரை விசாரிக்க, வைஸ்ராய் சபை உறுப்பினர் எம்.எஸ். ஆனேயும் ஹிருதயநாத் குன்ஸ்ருவும் நேரில் போய்ப் பார்த்தார்கள். ‘வெள்ளை வழி, கறுப்பு வழி’ என்ற சொல் அப்போது நாடு முழுதும் பரவியது.

சார் குடும்பம் போனது முதல் வழி. பிப்ரவரியில், சிங்கப்பூர் விழுந்த செய்தி வந்த பிறகு, தகப்பனார், தாயார், பாட்டி, சார், ஆறு வயதுத் தங்கை ஆக ஐந்து பேர் ஹென்சாடாவை விட்டுக் கிளம்பினார்கள். முதல் நாள் இரவு மூட்டை கட்டும்போது விவாதம். தாயார் ஒரு சின்னப் பித்தளைக் குடத்தை வைத்தார். தகப்பனார் அதை எடுத்துவிட்டார். துப்பாக்கிக்கும் தோட்டாப் பைக்கும் கை வேண்டும். வழியில் கொள்ளைக்காரன் வருவான், தண்ணீர் எங்கும் கிடைக்கும் என்பது அவர் கணக்கு.

கொள்ளை பயம் பொய்யில்லை. ஊர்விட்டுப் போகும் இந்தியரை வழிமறித்து நகையைப் பறித்ததும், வெட்டியதும் நடந்தன. ஹென்சாடாவுக்கும் புரோமுக்கும் நடுவே ஒரு கிராமத்தருகே இரவு தங்கியபோது ஆட்கள் சூழ்ந்தார்கள், தகப்பனார் வானத்தை நோக்கி இரண்டு முறை சுட்டார், அவர்கள் கலைந்தார்கள். “அன்னைக்கு அது இல்லேன்னா நான் உங்ககிட்ட பேசிட்டு இருக்கமாட்டேன், அதையும் சொல்லிடணும்” என்றார் சார். ஆனால் சுட்ட பிறகு அங்கே தங்க முடியவில்லை. ஆள் சேர்த்துக்கொண்டு திரும்பி வருவார்கள் என்ற பயம். இருட்டில் பாட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அடுத்த நாளிலிருந்து நாற்பது ஐம்பது பேர் கொண்ட ஒரு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள். ஒரிய, தெலுங்கு, தமிழ் என்று எல்லாரும் கலந்த கூட்டம். இரவில் வட்டமாகப் படுத்து, முறைவைத்துக் காவல். அதற்குப் பின் துப்பாக்கிக்கு வேலையே வரவில்லை.

புரோமில் கூட்டம் நெரிந்தது, காலரா பரவியிருந்தது. ஆற்றைக் கடக்குமுன் ஒரு காவல் சாவடியில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னார்கள். தகப்பனார் கணக்குப்பிள்ளை அல்லவா? ஊரே ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் ரசீது கேட்டு ஒரு மணி நேரம் நின்றார். வாங்கியும் விட்டார்: இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று, தோட்டா 23.

ஆற்றுக்கு அக்கரையில் படவுங்கிலிருந்து டவுங்கப் வரை நூறு மைலுக்கு மேல் மலைச்சாலை. கோடையில் அதில் தண்ணீர் கிடையாது. நாலைந்து மைல் பள்ளத்தில் இறங்கினால் ஓர் ஊற்று இருக்கும். அங்கேதான் முந்தைய கூட்டத்தின் பிணங்களும் கிடக்கும். இவர்களிடம் இருந்தது ஒரு கெட்டிலும் ஒரு சோடா பாட்டிலும். கிடைத்த தண்ணீரைக் கொதிக்க வைத்துச் சேமிக்கப் பாத்திரம் இல்லை. பாட்டி நான்காம் நாள். தங்கை டவுங்கப் வந்த பிறகு, படகுக்குக் காத்திருந்தபோது. இரண்டும் காலரா.

“குடம் இருந்திருந்தா பிழைச்சிருப்பாளான்னு கேக்காதீங்க. அம்மாவும் ஒரு நாளும் கேக்கல. அப்பாவே கேட்டுக்கிட்டார், சாகற வரைக்கும்.”

நான் பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். துப்பாக்கியும் தோட்டாவும் சேர்ந்த எடைக்கு அரிசி எடுத்திருந்தால், ஆளுக்குக் கால் கிலோ வீதம் ஐந்து பேருக்கு மூன்று நாள் ஓடும். அதே எடைக்குக் காலிக் குடம், தீப்பெட்டி, உப்பு, கொயினா மாத்திரை, ஒரு போர்வை எல்லாம் அடங்கிவிடும். இந்த வழிகளில் ஆளைக் கொன்றவை தாகம், காலரா, மலேரியா, பசி, மழை. கத்தி அதற்கெல்லாம் பிறகு. ஆனால் வீட்டில் உட்கார்ந்து யோசிக்கும்போது கத்திதான் முதலில் கண்ணுக்குத் தெரிகிறது. சென்னையிலும் அதே கதைதான். 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கப்பற்படை வருகிறது என்று அரசாங்கமே நகரத்தைக் காலி செய்யச் சொன்னபோது, மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். அதை ஒழுங்காகச் செய்து முடித்தார்கள். ரயிலடியில் குவிந்த ஜனங்களுக்கு அத்தகைய ஒழுங்கு எதுவும் கிடைக்கவில்லை. ஜப்பானியர் வரவும் இல்லை.

1990-இல் குவைத்திலிருந்து ஒன்றே முக்கால் லட்சம் இந்தியர் வெளியேறியபோதும் கைகொடுத்தவை பாஸ்போர்ட்டும், அம்மான் வரையான பாலைவனப் பயணத்துக்கு வேண்டிய தண்ணீரும், முன்கூட்டியே பஸ் பேசி வைத்த சங்கங்களுமே. 2022-இல் உக்ரைனில் நம் மாணவர்கள் குளிரில் போலந்து எல்லைக்கு நடந்தபோது மறுபடி இதே பாடம்; செருப்பும் போர்வையும் கைப்பேசிக்கு மின்சாரமும்.

மோதி பாக் படிக்கட்டுக்குத் திரும்புகிறேன். சர்தார்ஜி வாசலில் துப்பாக்கியோடு உட்காருவேன் என்றார். சார் அரைகுறை ஹிந்தியில் அவரிடம் வெகுநேரம் பேசினார். நீங்கள் இரண்டு முறை சுடலாம், பிறகு திறந்து தோட்டா போட வேண்டும். வருபவர்கள் இருநூறு பேர். சுட்ட வீடு எது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். குழந்தைகளை எங்கே வைப்பீர்கள்? ஒன்பது மணிக்குச் சமையலறைப் பின்வழியாகக் குடும்பம் முழுவதும் மேலே சார் வீட்டுக்குப் போனது. கையில் ஒரு துணிப்பை: ரேஷன் கார்டு, பென்ஷன் புத்தகம், குழந்தைகளின் பள்ளிச் சான்றிதழ், மருந்து. கீழ் வீட்டுப் பெயர்ப்பலகையைக் கழற்றி, வெளியே பூட்டுப் போட்டோம். துப்பாக்கி, தோட்டா நீக்கப்பட்டு, சாரின் அலமாரிக்கு அடியில். பித்தளைக் குடமும் மூன்று வாளியும் நிறைந்திருந்தன. மூன்று நாள் அவர்கள் வெளியே தலைகாட்டவில்லை. கும்பல் ஒருமுறை எங்கள் தெரு முனைவரை வந்தது, பூட்டைப் பார்த்தது, போய்விட்டது.

இது எங்கள் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ளமாட்டேன். அந்த நாட்களில் தில்லியில் கொல்லப்பட்டவர்கள் அரசுக் கணக்கிலேயே 2,733 பேர். சில பகுதிகளில் தற்காப்புக்காக நின்ற சீக்கியரின் லைசென்ஸ் துப்பாக்கிகள் கலவரத்தின் நடுவே பறிக்கப்பட்டன என்று பின்னால் விசாரணைக் கமிஷன்களின் முன் சாட்சிகள் சொன்னார்கள். துப்பாக்கி கையில் இருக்குமா என்பதைக்கூட அதன் சொந்தக்காரர் தீர்மானிக்கவில்லை. புரோம் சாவடியில் நடந்ததைச் சார் ஏன் அத்தனை முறை சொன்னார் என்பது அதைப் படித்தபோது எனக்கு விளங்கியது.

டிசம்பரில் பொதுத்தேர்தல் வந்தது. தேர்தல் காலத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும் என்று சர்தார்ஜிக்கு ஓலை வந்தது. சார் ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு அவரோடு கூடப் போனார். திரும்பி வந்ததும் அவர் வாங்கிவந்த ரசீதை என்னிடம் காட்டினார். தோட்டாவின் எண்ணிக்கையை எழுத விட்டிருந்தார்களாம். எழுத வைத்துத்தான் வந்தாராம். தன் பெட்டியிலிருந்து 1942-ஆம் வருஷத்து ரசீதையும் எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். மடிப்பில் கிழிந்திருந்தது. 23 என்ற எண் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.