காலடியில் ஒரு செங்கல்

பின்லாந்தின் பையான்னே ஏரியில் சைனட்சலோ ஒரு சிறு தீவு. ஒட்டுப்பலகை ஆலையை நம்பிச் சுமார் மூவாயிரம் பேர் வாழ்ந்த ஊர். 1949இல் அதன் ஊராட்சி தனக்கொரு மன்றம் கட்டப் போட்டி வைத்தது. வென்றவர் கட்டடக்கலைஞர் அல்வார் ஆல்டோ. மரத்தால் பிழைக்கும் அந்த ஊருக்கு அவர் கொண்டுவந்தது செங்கல்.

வெளிச்சுவரில் அதை நூல் பிடித்தாற்போல் அடுக்கவில்லை. லேசாக முன்னும் பின்னுமாக வைக்கச் செய்தார். வடபுலத்து வெயில் சாய்ந்து விழும்போது சுவர் முழுக்கச் சிறுசிறு நிழல்கள் எழும். கடைக்கால் தோண்டிய மண்ணை நடுவில் கொட்டி, முற்றத்தையே ஒரு மாடி உயரத்துக்குத் தூக்கினார். கீழே கடைகள், மேலே முற்றத்தைச் சுற்றி அலுவலகங்கள்.

வாசலோடு செங்கல் நின்றுவிடவில்லை. நடைக்கூடத்தில் தரையும் அதுவே, பூச்சில்லாத சுவரும் அதுவே. மன்றக் கூடத்துக்கு ஏறும் படிகளிலும் காலடியில் அதே கெட்டியான செங்கல், மேலே உயரச் சன்னல்களிலிருந்து கசியும் வெளிச்சம். கூடத்துக்குள் கால் வைத்ததும் தரை மரமாகிறது. நடையின் ஓசை மாறுகிறது, மெருகேறிய பலகையில் நடை தானாக மெதுவாகிறது. பேசப்போகும் காரியம் பெரியது என்று அறிவிப்புப் பலகை எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஓர் அரசு அலுவலகத்தின் உள்ளமைப்பில் இதைவிடக் கூர்மையான சிந்தனையை நான் அறியேன்.

சுவர்களில் செங்கல் தொடர்ந்து மேலேறுகிறது, 17 மீட்டர் வரை. அங்கே இரண்டு மரச் சட்டங்கள் விரித்த கைவிரல்களாகப் பிரிந்து கூரையைத் தாங்குகின்றன. இவ்வளவு சிறிய ஊருக்கு, அதுவும் விலையுயர்ந்த செங்கலில், இத்தனை உயரம் எதற்கு என்று மன்றத்தார் கேட்டார்களாம். உலகின் மிக அழகான நகர மன்றம் இத்தாலியின் சியெனாவில் இருக்கிறது, அதன் கூடம் 16 மீட்டர், நாம் 17 கட்டுவோம் என்றாராம் ஆல்டோ. எனக்கு இது வீம்பாகப் படவில்லை. பள்ளிக்கும் சாலைக்கும் வரிக்கும் ஆலைத் தொழிலாளியின் ஊர் கைதூக்கும் இடம் தாழ்ந்த கொட்டகையாக ஏன் இருக்க வேண்டும்?

பணியை மேற்பார்த்தவர் இளம் கட்டடக்கலைஞர் எலிசா மாக்கினியெமி. கட்டடம் முடிந்த 1952இல் அவரும் ஆல்டோவும் மணந்துகொண்டார்கள். ஊராட்சி வளர வளரக் கீழ்த்தளக் கடைகளை அலுவலகங்களாக மாற்றிக்கொள்ளலாம் என்பது திட்டம். ஆனால் 1993இல் சைனட்சலோ பக்கத்து நகரான யுவாஸ்குலாவோடு இணைக்கப்பட்டது. கூடம் இருந்தது, அதில் கூட மன்றம் இல்லை. அடுத்த ஆண்டே கட்டடம் பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று. 1995 முதல் 1998 வரை அதைப் புதுப்பித்தார்கள்.