பார்த்துக்கொண்டே இருந்தால் நின்றுவிடுமா?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்திலுள்ள எங்கள் கல்லூரிக்குப் பேருந்தில் வரும் மாணவர்கள் பலர். கிரேக்க அறிஞர் ஜீனோ கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுப்பிய புதிரை அவர்களுக்கு இப்படிச் சொல்வேன்: ஒவ்வொரு கணத்திலும் பேருந்து ஏதோ ஓர் இடத்தில்தான் இருக்கிறது, அந்தக் கணத்தில் அது நகரவில்லை. அப்படியானால் அது நகர்வது எப்போது? "அப்ப லேட்டா வந்தா திட்டக்கூடாது சார்" என்றான் ஒருவன்!

பேருந்துக்கு இது வெறும் சொல்விளையாட்டு. அணு உலகில் அப்படியன்று என்று 1977இல் இருவர் கணக்கிட்டுக் காட்டினர். ஒருவர் பைத்யநாத் மிஸ்ரா, மற்றவர் இ. சி. ஜி. சுதர்சன். கோட்டயத்தை அடுத்த பள்ளத்தில் 1931இல் பிறந்த சுதர்சன், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர். 1984 முதல் சில ஆண்டுகள் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். 2018இல் மறைந்தார்.

இடைவிடாது கண்காணிக்கப்படும் நிலையற்ற துகள் சிதையவே சிதையாது என்பது அவர்கள் கண்ட முடிவு. காரணம் எளிய கணக்குத்தான். ஓர் அணு நிலை மாறுவதற்கான வாய்ப்பு, தொடக்கத்தில் காலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. காலத்தைப் பாதியாக்கினால் வாய்ப்பு கால்பங்காகும். நடுவில் ஒருமுறை அளந்தால் அணு பழைய நிலைக்கே திரும்பி, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. இரண்டு கால்பங்குகளைக் கூட்டினால் அரைப்பங்குதானே? நூறு முறை அளந்தால் நூறில் ஒரு பங்கு!

1990இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் இட்டானோ, வைன்லேண்ட் குழுவினர் ஏறத்தாழ 5000 பெரிலியம் அயனிகளைக் கொண்டு இதைச் சோதித்தனர். 256 மில்லி விநாடி நீடிக்கும் ரேடியோ அலை அயனிகளை ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிவிடும். நடுநடுவே லேசர் ஒளித்துடிப்புகள் அளவீடு செய்தன. கணக்கின்படி, நான்கு துடிப்புகளில் 37.5 சதவீதமும், 64 துடிப்புகளில் 4 சதவீதத்துக்கும் குறைவான அயனிகளுமே மாறவேண்டும். சோதனையும் ஏறக்குறைய அதையே காட்டிற்று.

மனிதப் பார்வைக்கு மந்திர சக்தி உண்டு என்று இதற்குப் பொருள் கொள்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கே 'பார்த்தது' லேசர் ஒளிதான். பால்கோவாக் கடாய்மேல் எவ்வளவு விளக்கொளி பட்டாலும் பாலுக்கு ஒன்றும் ஆகாது. தனி அயனிக்கோ சில ஒளித்துகள்களே பெரிய மோதல்.

அத்தோடு சிக்கல் தீர்ந்ததா என்றால், இல்லை. அயனி, ஒளி, கருவி மூன்றுமே குவாண்டம் விதிகளுக்கு உட்பட்டவை. ஷ்ரோடிங்கர் சமன்பாடு தொடர்ச்சியான மாற்றத்தையே தருகிறது. அளவீட்டின் திடீர்த் தாவல் அதில் இல்லை. அந்தத் தாவலைக் கருதாமலே போல்டர் சோதனையை விளக்கலாம் என 1991இல் பாலன்டைன் வாதிட்டார். அளவீடு எந்த இடத்தில் முடிகிறது என்பதில் இயற்பியலாளர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை.