புரோகிதர் இல்லாத மணம், சாதி உள்ள வீடு: கொங்கு வட்டாரத்தில் சமயம் சாராத அறம்

மதம் இல்லாமல் ஒழுக்கம் நிற்குமா என்ற கேள்வியைச் சத்தியமங்கலம் பக்கம் எழுப்பினால் பேச்சு பண்ணாரிக் கோயிலில்தான் போய் நிற்கும். அம்மன் முன் கற்பூரம் அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்ய அஞ்சாதவனை வேறு எது கட்டிப்போடும் என்பார்கள். அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இதற்கு விடை சொல்லிவிட்டது: கடவுள் பெயரால் ஆணையிடலாம், உளமார உறுதி கூறினாலும் போதும். 1967இல் அண்ணாவின் அமைச்சரவை உளமார உறுதி கூறித்தான் பதவியேற்றது. அதனால் அந்த வாக்கின் கனம் குறைந்துவிடவில்லை. கடவுள் சாட்சியில்லாத வாக்கும் வாக்குதான் என்பதில் வாதிட அதிகமில்லை. சிக்கல் கல்யாண வீட்டில் இருக்கிறது.

ஈரோட்டிலிருந்து 1925இல் பெரியாரின் ‘குடி அரசு’ இதழ் வெளிவரத் தொடங்கியது. மூன்றாண்டில், 1928இல், அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணின் சொத்துரிமை, மணவிலக்கு, கைம்பெண் மறுமணம் ஆகியவற்றைத் தீர்மானங்களாக்கியது. பெரியார் திருமணத்தை இருவருக்கிடையிலான ஒப்பந்தமாகப் பார்த்தார். மந்திரமும் புரோகிதரும் நீங்குவதே இந்த மணத்தின் அடையாளம் என்று பின்னாளில் சுருக்கிப் புரிந்துகொள்ளப்பட்டது. அந்தச் சுருக்கம் போதாது என்பதற்குக் கொங்கு நாடே சான்று.

கொங்கு வேளாளர் மரபுத் திருமணத்தை நடத்தி வைப்பவர் பிராமணப் புரோகிதர் அல்லர். அதே சாதியைச் சேர்ந்த, சீர் முடித்த குடும்பஸ்தரான அருமைக்காரர் நடத்துகிறார், கூடவே அருமைக்காரி. மங்கல வாழ்த்தைப் பாடுபவர் குடிமகன் எனப்படும் நாவிதர். இணைச்சீர் என்ற சடங்கில் மாப்பிள்ளையின் சகோதரிக்குத் தனி இடம் உண்டு. சமஸ்கிருதமோ வேதியரோ இன்றி, தமிழில், உறவுகளின் கையாலேயே நடக்கும் சடங்கு இது. வெளியிலிருந்து பார்ப்பவர் இதைச் சீர்திருத்தம் என்றுகூட நினைத்துவிடலாம். ஆனால் வாழ்த்துப் பாடும் நாவிதர் அந்த வீட்டில் சம்பந்தம் பேச முடியாது. அருமைக்காரியின் இடத்தில் கைம்பெண் நிற்க முடியாது. ஆக, புரோகிதர் இல்லாத இடத்திலும் சாதி தன் வேலையைக் குறைவின்றிச் செய்கிறது. சுயமரியாதை மணத்தின் அறம் அது யாரை விலக்கியது என்பதில் இல்லை. மணமக்கள் இருவரின் சம்மதத்துக்கு மேல் குலத்தின் சம்மதம் தேவையில்லை என்றதில் இருக்கிறது. கடவுள் மறுப்பாளர் வீட்டுப் பத்திரிகையிலும் குலப்பெயர் தெரியுமானால் அங்கே மறுக்கப்பட்டது கடவுள் மட்டுமே.

சட்டம் சுயமரியாதை மணத்தை ஏற்றுக்கொண்ட விதமும் கோணலானது. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மணம் செல்லாது என்றது. 1967இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்தவற்றையும் செல்லுபடியாக்கியது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், புரிந்த மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் சரி. எளிய, அழகான பிரிவு. ஆனால் அது இரு இந்துக்களுக்கு மட்டுமே. முஸ்லிமோ கிறித்தவரோ பார்சியோ யூதரோ அல்லாதவரைச் சட்டம் பொதுவாக இந்துக் கணக்கில் வைக்கிறது. நாத்திகரும் அதில் அடக்கம். மதம் கடந்து மணப்பவர் 1954 ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. ஊருக்குத் தெரியாமல் மணக்க வேண்டிய இணைக்கு அந்த முப்பது நாள்தான் ஆபத்து.

ஆபத்து என்பது மிகையில்லை. 2015இல் தலித் இளைஞர் கோகுல்ராஜ் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டுப் பின்னர் தண்டவாளத்தில் பிணமாகக் கிடைத்தார். கோயில் கேமராவின் பதிவு வழக்கில் முக்கியச் சான்றானது. சாதி கடந்து பழனியில் கோயிலில் மணந்துகொண்ட சங்கரை 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டினார்கள். கடவுள் அச்சம்தான் மனிதனைத் தடுக்கும் என்போர் இந்த இரண்டு வழக்குகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். பகுத்தறிவாளருக்கும் இதே அளவு பொறுப்பு உண்டு: நூறாண்டு பிரச்சாரம் நடந்த மண்டலம் இது. 1979இல் கோவையிலிருந்து பிரித்து, சத்தியமங்கலத்தையும் சேர்த்து உருவாக்கிய மாவட்டத்துக்குப் பெரியார் பெயரே வைத்தார்கள். பின்னர் தலைவர்கள் பெயரால் எழுந்த சாதிப் பிணக்குகளில் எல்லா மாவட்டங்களின் தலைவர் பெயர்களோடும் அந்தப் பெயரும் போயிற்று.

என் வாதம் இதுதான். அருமைக்காரர் மரபு சாதியைக் காத்தது. அதே நேரத்தில் மணமக்களுக்கு ஓர் ஆள்பலத்தையும் தந்தது. குழந்தை பிறந்தால் சீர் கொண்டுவர, கணவன் கை ஓங்கினால் கேட்க, கடனுக்கு ஈடாக நிற்க யாரோ இருந்தார்கள். சமயம் சாராத அறம் சம்மதத்தைத் தெளிவாக வகுத்தது. மறுநாள் காலையில் அந்த இணையின் பக்கம் நிற்பது யார் என்பதை மட்டும் இயக்க அலுவலகங்களின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டுமென்றது இந்தக் குறையை உணர்ந்துதான். 2023இல் அதே நீதிமன்றம் 7ஏ மணம் பகிரங்கமாக நடக்க வேண்டியதில்லை என்றது. கூட்டம் கூட்டினால் அச்சுறுத்தலுக்கு ஆளாகும் இணைகளைத் தீர்ப்பு கருத்தில் கொண்டது. தீர்ப்பு சரியானதே. ஆயினும் 1928இல் மேடையிட்டு, ஊரைக் கூட்டி, சொற்பொழிவோடு நடத்திய மணத்துக்கு இன்று மறைவிடம் தேவைப்படுகிறது. அந்த இடைவெளியைக் கடவுள் உண்டா இல்லையா என்ற பட்டிமன்றத்தால் நிரப்ப முடியாது. அதற்கு ஊருக்கு ஊர், பெயரும் தொலைபேசி எண்ணும் சொல்லி, வருடக்கணக்கில் உறவாக நிற்க ஒப்புக்கொள்ளும் ஆட்கள் வேண்டும்.